கை வைக்க மட்டும் ஆள் உண்டு

சபையின் பின்பக்க ஹாலில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டம் நடக்கும். பட்டாளத்திலும் போலீசிலும் தீயணைப்பிலும் ஆம்புலன்சிலும் வேலை பார்த்து, காணக்கூடாததையெல்லாம் கண்டு, மனசு நொந்துபோனவர்களுக்கான ஜெபக்கூட்டம் அது. நடுவில் ஒரு மர நாற்காலி போட்டிருப்பார்கள். பாரத்தோடு இருப்பவர் அதில் வந்து உட்கார வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள். ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். உட்காரத்தான் ஆள் கிடையாது.

எப்படிக் கிடைக்கும்? வந்திருப்பவர்கள் எல்லோரும் ஆயுசு முழுக்க அடுத்தவரைத் தூக்கியே பழகியவர்கள். ஒருவர் லேசாகத் தொண்டையைச் செருமினால் போதும், ஆம்புலன்ஸ் டிரைவர் நாடி பிடிக்க வந்துவிடுவார். கண் கலங்கினால் பட்டாளத்தார் தண்ணீர் பாட்டிலோடு நிற்பார். போலீஸ்காரர் கூட்டத்தை விலக்கிக் காற்று வரச் செய்வார், அங்கே கூட்டமே இல்லாவிட்டாலும். "யாருக்கு ஜெபம் வேணும்?" என்று பாஸ்டர் கேட்டால் ஒரு கை எழாது. "யார் ஜெபிக்கிறீங்க?" என்றால் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். ஒரு வாரம் யாருமே அகப்படாமல், ஃபேன் ரிப்பேர் பார்க்க வந்த எலக்ட்ரீஷியனைப் பிடித்து உட்காரவைத்து ஜெபித்து அனுப்பினார்கள். அந்த ஆள் மிரண்டுபோய் டூல்ஸ் பையை விட்டுவிட்டு ஓடினான்.

இவர்களில் முதல் ஆள் ஏணி. தீயணைப்பு நிலையத்தில் உயரத்துக்காக வைத்த பட்டப்பெயர் சபையிலும் ஒட்டிக்கொண்டது. ஏணியின் மனைவிக்குக் கூட்டத்தில் டீ போடும் வேலை. பக்கத்துச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தால் ஹாலில் நடப்பதெல்லாம் தெரியும். பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் அந்த மனிதர் படுத்தும் பாடு ஆண்டவருக்கும் அவளுக்கும்தான் வெளிச்சம். அடுப்பில் பால் கொதிக்கும்போதே வந்து கேஸை மூடிவிட்டுப் போவார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தூக்கத்தில் அலறி எழுந்து, மகளைப் போர்வையோடு சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறாரே, அதை எப்படிப் பொறுப்பது? போன வாரம் கதவு நிலையில் மோதிக் குழந்தையின் நெற்றி புடைத்துவிட்டது. காலையில் கேட்டால், "ஒண்ணுமில்ல, கனவு" என்று பிடி கொடுக்காமல் நழுவுவார். ஆனால் சனிக்கிழமை வந்தால் தேய்த்த சட்டையை மாட்டிக்கொண்டு ஊராரைக் குணப்படுத்தக் கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை. "இன்னைக்குப் பாஸ்டருக்கு முதுகுவலி. நான்தான் ஜெபிச்சேன்."

இன்று காலை அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இன்னைக்கு நீங்க அந்த நாற்காலியில உக்காரணும். இல்லேன்னா நாளைக்குப் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். மிரட்டுறேன்னு நினைக்காதீங்க. பெட்டி கட்டியாச்சு."

"சரிம்மா, உக்கார்றேன். அதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்?" என்றார் ஏணி.

சாயங்காலம் பாஸ்டர் வழக்கம்போலக் கேட்டார். "யாருக்கு ஜெபம் வேணும்?"

ஏணி எழுந்தார். டீ வடிகட்டியைப் பிடித்தபடி அவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் நேராக நாற்காலியிடம் போனார். முதுகுப் பக்கத்தைப் பிடித்தார். ஆட்டிப் பார்த்தார்.

"பாஸ்டர், இதுல ஒரு கால் ஆடுதே. யாராவது விழுந்துட்டா?"

சொல்லி முடிக்குமுன் நாற்காலி தலைகீழாகக் கிடந்தது. எலக்ட்ரீஷியன் விட்டுப்போன ஸ்க்ரூ டிரைவரைப் போலீஸ்காரர் தேடி எடுத்து வந்தார். ஆம்புலன்ஸ்காரர் செல்போனில் வெளிச்சம் காட்டினார். பட்டாளத்தார் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நால்வர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார்.

"இப்ப யார் வேணா தைரியமா உக்காரலாம்," என்று ஏணி கையைத் தட்டிவிட்டுக்கொண்டு பின்னால் போய் நின்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வடிகட்டியை வைத்துவிட்டு விறுவிறுவென்று ஹாலுக்குள் வந்து, நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டாள்.

ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். பழக்கதோஷம், ஏணியின் கைதான் முதலில் அவள் தலைமேல் விழுந்தது.

"எதுக்காக ஜெபிக்கணும், சிஸ்டர்?" என்றார் பாஸ்டர்.

"பயமா இருக்கு, பாஸ்டர்."

"யாரைப் பார்த்தும்மா?"

"என் தலையில கை வச்சிருக்காரே, இவரைப் பார்த்துதான்."

அவள் நிறுத்தவில்லை. "ராத்திரி எப்ப தூக்கிக்கிட்டு ஓடுவாருன்னு தெரியாது. நான் கண்ணை மூடித் தூங்கியே ரொம்ப நாளாச்சு. என்னை விடுங்க. நேத்து பாப்பாவுக்குப் போர்வை போர்த்தலாம்னு போனேன். ஸ்கூல் ஷூவை மாட்டிக்கிட்டுப் படுத்திருக்கா. ஏன்டின்னு கேட்டா, 'அப்பா ரோட்டுல இறக்கிவிடுறப்போ கல்லு குத்துதும்மா'ங்கிறா."

"கர்த்தாவே," என்று ஏணி ஆரம்பித்தார். நின்றார். "கர்த்தாவே, இவங்களை..." மறுபடி நின்றார். பிறகு வந்தது ஜெபம் மாதிரி இல்லை.

"உள்ள ஒரு அம்மா இருந்தாங்க. கதவுக்கு அந்தப் பக்கம். புகையில ஒண்ணும் தெரியல. 'யாராவது இருக்கீங்களா'ன்னு கேட்டாங்க. 'இருக்கேன், இதோ வர்றேன், கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க'ன்னு சொன்னேன். அதுக்குள்ள ஆபீசர் என் பெல்ட்டைப் பிடிச்சு இழுத்துட்டாரு. கூரை இறங்குது, வெளிய வாடான்னாரு. வந்துட்டேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "அவங்க தள்ளி நின்னிருப்பாங்க. நான் சொன்னேன்ல? நான் வருவேன்னு தள்ளி நின்னுக்கிட்டே இருந்திருப்பாங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இதைக் கேட்டதில்லை. கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. இதைச் சொல்ல இவ்வளவு காலமா என்று இன்னொரு கோபமும் சேர்ந்துகொண்டது. கூடவே அழுகையும் வந்து தொலைத்தது. எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உக்காருங்க."

"இல்லம்மா, நீ..."

"உக்காருங்கன்னா உக்காருங்க."

உட்கார்ந்தார். அவ்வளவு உயரமான மனிதர் இரண்டாக மடிந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். நாலா பக்கமிருந்தும் கைகள் நீண்டன.

"கொஞ்சம் இருங்க," என்றாள். கைகள் நின்றன.

நாலு பேர் முன்னால் வாய்விட்டு ஜெபித்து அவளுக்குப் பழக்கமில்லை. அவர்களைப் போல அடுக்கடுக்காக வார்த்தை வராது. கணவரின் தலையில் கையை வைத்தாள்.

"ஆண்டவரே, இவரு உக்காந்துட்டாரு. நான் போய்ப் பெட்டியைப் பிரிச்சிடுறேன். மத்ததை நீங்க பாத்துக்கோங்க."

ஆமென் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. பட்டாளத்தார் மட்டும் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார். சுவரோரம் கிடந்த நாற்காலி ஒன்றை இழுத்துவந்து ஏணியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பாஸ்டரை அவர் பார்க்கவில்லை.

"எனக்கும் ஒரு ஜெபம் சொல்லும்மா," என்றார் அவளிடம்.