இங்கே கிழிக்கவும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மாடிப்படியில் கிடைத்தது. சித்தி குடியிருக்கும் அடுக்ககத்தில் யாரோ கிழித்துப் போட்ட காகிதத் துண்டு. அதில் ஓர் ஆணின் நெற்றியும் இரண்டு கண்களும் இருந்தன. மூக்குக்குக் கீழே எதுவும் இல்லை. செத்துப்போன லிஃப்ட் மெக்கானிக்கின் நினைவாக வீட்டுக்கு வீடு விதை கொடுத்தார்கள், அதன் உறைதான் அது என்றாள் சித்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீதியெல்லாம் நான் கட்டியது. அந்தக் கோபம் மட்டும் கட்டியதல்ல.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'இளம் வெயிலில் அவள் தன் கண்ணீரால் அந்த விதைகளை நனைத்தபோது

(போதும். கண்ணீரில் உப்பு இருக்கிறது, விதை முளைக்காது.)

அவள் அழவில்லை. மெக்கானிக்கின் மனைவி அவள், தையல்காரி. உறை கைக்கு வந்ததும் முதலில் புள்ளிக்கோட்டைத்தான் பார்த்தாள். 'இங்கே கிழிக்கவும்' என்று அது கணவனின் மூக்கின் மேல் ஓடியது. அச்சடித்தவனுக்கும் உறுத்தவில்லை, வாங்கிக் கிழித்தவர்களுக்கும் உறுத்தவில்லை. தையல் பிரிக்கும் ஊசியால் உறையின் அடியைப் பிரித்துச் சூரியகாந்தி விதைகளை எடுத்தாள். அவனுடைய கிரீஸ் டப்பாவைக் கழுவி, மண் போட்டு ஊன்றினாள். குடிக்கிற தண்ணீர் பாட்டிலைக்கூட நிரப்பி வைக்காத மனுஷனுக்குச் செடி ஒரு கேடா என்று அவனையும் ஒரு பாட்டம் திட்டினாள்.

3

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட்டுக்கு அடியில் உள்ள குழியில் இறங்குமுன் அவன் மெயின் சுவிட்சில் ஒரு தகரப் போர்டை மாட்டுவான்: 'உள்ளே ஆள் இருக்கிறார். சுவிட்சைத் தொடாதீர்கள்.' அன்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அவர் போர்டைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டார். லிஃப்ட் அவன் மேல் இறங்கியது. காவலாளி பார்த்தார், பிறகு, பார்க்கவில்லை என்றார். சங்கத்தின் இரங்கல் குறிப்பில் 'எதிர்பாராத விபத்து' என்று இருந்தது. விதை கொடுக்கும் யோசனையும் செயலாளருடையதுதான்.

(இவருக்குக் கொஞ்சம் மனசாட்சி வைக்கலாமே என்று, தூக்கம் வராமல் புரள்வதாக ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். நன்றாகவே தூங்கியிருப்பார்.)

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். போர்டை எடுத்தது நான்தான் என்று அவர் வாயால், எல்லார் முன்னாலும்.

4

விதை முளை விட்டது. அதற்கும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. வெட்கங்கெட்ட செடி, எது நடந்தாலும் வளர்ந்துவிடும் போல. ஆனாலும் தண்ணீர் ஊற்றினாள்.

சங்கத் தோட்டத்தில் நினைவுப் பாத்தி திறக்க அவளைக் கூப்பிட்டார்கள். போய் நட்டுவிட்டு வாருங்கள், சண்டை வேண்டாம் என்று நாத்தனார் கெஞ்சினாள்.

"உங்க அண்ணன் செத்துட்டாரு. செடியாகல. செடின்னு ஆக்கிட்டா அப்புறம் யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு பாக்கறாங்க."



5

அவள் கன்றை நட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். (தட்டினார்களா? தட்டியிருப்பார்கள்.) பிறகு பையிலிருந்து அந்தத் தகரப் போர்டை எடுத்தாள். அவனுடைய சாமான்களோடு வீடு வந்து சேர்ந்திருந்தது அது. கன்றுக்குப் பக்கத்தில் மண்ணில் அழுத்திச் செருகினாள். உள்ளே ஆள் இருக்கிறார்.

செயலாளரின் முகம் செத்துப்போயிற்று. "அது இங்க வேணாம்மா, எடுத்துடுங்க" என்றார், பக்கத்தில் குனிந்து.

"நீங்களே எடுங்க சார். ஏற்கெனவே எடுத்த கைதானே."

6

முடிவு ஒன்று: அவர் ஒப்புக்கொள்கிறார். (நீங்களே நம்ப மாட்டீர்கள்.)

முடிவு இரண்டு: அவள் கன்றைப் பிடுங்கி அவர் மூஞ்சியில் எறிகிறாள். (எழுத நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுநாள் எல்லாரும் அவள் எறிந்ததை மட்டும்தான் பேசுவார்கள்.)

முடிவு மூன்று: காவலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்து

இல்லை. ஒருமுறை பார்க்கவில்லை என்றவரை நம்பி இதை விட முடியாது.

கூட்டத்தில் உங்களுக்கும் ஓர் இடம் போட்டிருக்கிறேன், முன்வரிசையிலேயே. உங்கள் கையிலும் ஓர் உறை இருக்கிறது. கிழித்துவிட்டீர்களா என்று கேட்கப்போவதில்லை. போர்டை எடுத்தது யார் என்று உங்களுக்குத் தெரியும், நானே சொல்லிவிட்டேன். செயலாளர் குனிகிறார், கையை நீட்டுகிறார். அது போர்டைத் தொடுவதற்குள் வாயைத் திறங்கள்.