தறிக்குழியில் படுத்திருந்த பாட்டில்

“தனகோடி, உண்மையச் சொல்லு, சேல குடிக்குமா?” என்று கமலக்கண்ணன் ஒருமுறை கேட்டார். குடிக்கும். முள்ளிப்பட்டு கிராமத்தில் ஒரே தறியில் நெய்த பட்டுச்சேலைகள், அரக்கு முத்திரை உடையாத ஒரு பெரிய பாட்டிலிலிருந்த போர்ட் ஒயின் முழுவதையும் மூன்று வருடத்தில் குடித்து முடித்தன. அந்த வருடங்களில் பட்டு நூல் விலை ஏறியது, ஜரிகை விலை அதைவிட ஏறியது, தேவிகாபுரம் பஸ் வழக்கம்போல நேரத்துக்கு வரவில்லை.

கமலக்கண்ணன் ஆரணியில் பட்டு முதலாளி. நூல் கொடுத்து வீட்டுத் தறிகளில் சேலை நெய்து வாங்குபவர். காபிகூட அரை டம்ளருக்கு மேல் குடிக்காதவர், போனில் ஒரு லண்டன் ஏலத்தைப் பார்த்தார். எட்டு பாட்டில் ஒயினைத் தனியாகப் பிடிக்கும் ஒரே பாட்டில், போர்ச்சுகல் நாட்டுச் சரக்கு, 1977-ல் பறித்த திராட்சை. அவ்வளவு பெரிய பாட்டில்களில் அந்த வருடம் மிகக் கொஞ்சம்தான் நிரப்பினார்களாம். அவரும் 1977-ல் பிறந்தவர். தன் வயதுள்ள ஒன்று இன்னும் திறக்காமலே இருக்கிறது என்ற எண்ணம் அவரை விடவில்லை. நூல் தரகர்களிடம் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிப் பழகிய குடும்பம் அது. கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்ததால் ஏலத்தன்று போன்மேல் துண்டைப் போட்டு, அடியில் விரலை விட்டார். எதை அழுத்துகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. எதிர்த்துக் கேட்ட, பழைய ஒயின் சேர்க்கும் சென்னை அருள்தாஸ் சலித்துப்போய் விலகியதும் துண்டை எடுத்துப் பார்த்தால், நினைத்ததைப்போல மூன்று மடங்குக்குப் பாட்டில் அவருடையதாகியிருந்தது.

ஒரு மழைக்காலம் முழுக்க துறைமுகத்தில் கிடந்துவிட்டு, வரியெல்லாம் கட்டிய பிறகு அது மூன்று மாதக் குழந்தை நீளத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் மனைவி ஸ்வர்ணலதா வாசலில் நின்றாள். “குடிக்காத மனுஷனுக்கு இன்னாத்துக்கு இது?”

“என் வயசு லதா. கூடப் பொறந்த மாதிரி.”

“கூடப் பொறந்தத வெளியவே வெச்சிக்கோங்க. பூஜை ரூம் இருக்குற வீடு இது.”

கூட வந்த காகிதத்தில் குளிர்ச்சி, இருட்டு, கொஞ்சம் ஈரம், படுத்த நிலை என்று போட்டிருந்தது. இது நாலும் உள்ள இடம் அவருக்குத் தெரிந்து தறிக்குழி ஒன்றுதான். நெய்கிறவர் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற அந்தக் குழியில், ஈரம் இருந்தால்தான் பட்டு அறுந்துபோகாது. ஆகவே பாட்டில் முள்ளிப்பட்டுக்குப் போய், புருஷன் இல்லாமல் ஒற்றைத் தறியில் பிழைத்துக்கொண்டிருந்த தனகோடியின் குழியில், பழைய சேலை சுற்றிப் படுத்துக்கொண்டது. அந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தறிக்குள் புதிதாக எது வந்தாலும், மிதிகட்டையோ விளக்கோ, தறியில் நீளவாட்டில் ஏற்றிய பாவு நூலிலிருந்து ஓர் இழையை இழுத்து அதில் கட்டுவார்கள். கமலக்கண்ணன் மஞ்சள் குங்குமம் வைத்துத் தன் கையாலேயே பாட்டிலின் கழுத்தில் இழையைக் கட்டினார். புதுப் பாவு ஏற்றும்போதெல்லாம் தனகோடி அதைப் புதிதாக்கினாள்.

சந்தன நிற நூல் கொடுத்த தறியிலிருந்து நாவல்பழ நிறத்தில் சேலைகள் வந்தன. சேலைக்கரையில் நெய்த மயில்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. கமலக்கண்ணன் சாயக்காரரைத் திட்டினார், நல்ல விலைக்கு விற்றதும் திட்டுவதை நிறுத்திக்கொண்டார். மடித்து அடுக்கினால் மத்தியானத்துக்குள் அவை அலமாரியில் ஒருபக்கமாகச் சரிந்தன. காலையில் சீக்கிரம் பிரித்தால் சுருக்கம் போகாமல் முரண்டு பிடித்தன, வெயிலில் கொஞ்சம் போட்டால் தெளிந்தன. தேவிகாபுரத்தில் அதைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போன ஒரு மருமகள், பந்தியில் மாமியாரைக் கட்டிப்பிடித்துப் பாட்டுப் பாடினாள். மாமியார் மறுவாரமே ஆரணிக்கு வந்து தனக்கு ஒன்று வாங்கிப்போனாள்.

இதற்குள் அருள்தாஸ் வருடா வருடம் போன் செய்து பாட்டிலைக் கேட்டுக்கொண்டிருந்தார். விற்றுத் தொலைக்கச் சொல்லி ஸ்வர்ணலதாவும் விடவில்லை. கடைசியில் கமலக்கண்ணன் சரி என்றார். அருள்தாஸ் வருகிற அன்று காலை பாட்டிலைத் தூக்கியபோது அது கைக்குப் பஞ்சாக வந்தது. அரக்கு அப்படியே இருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

“குழில கால வெச்சிகினு இருந்தது நீ மட்டும்தான தனகோடி.”

“நா குடிச்சிருந்தா மூடி ஒடஞ்சிருக்கணுமே முதலாளி.”

“ஒடையல. அதான் பேஜாரா இருக்குது. அந்தாளுக்கு நா இன்னா சொல்றது? திருடின கைக்கு நூல் குடுக்க முடியாது, தறிய அவுத்துர வேண்டிதுதான்.”

தனகோடிக்கு அந்தத் தறியை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. அவள் அழவில்லை. பாட்டிலின் கழுத்தைக் காட்டினாள். அங்கிருந்து பாவு வரைக்கும் போன இழை நாவல்பழ நிறத்தில் ஈரமாக இருந்தது. “இழையக் கட்டினது நீங்கதான? திரி போட்டா விளக்கு எண்ணெயக் குடிக்காதா?” அப்போதுதான் கமலக்கண்ணன், சேலை குடிக்குமா என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அவள் பதில் சொல்வதற்குள் அருள்தாஸ் காரில் வந்து இறங்கினார். முத்திரையைத் தடவிப் பார்த்தார், பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். பாட்டிலுக்கு அந்தப்புறம் தெரு முழுசாகத் தெரிந்தது. அவர் முகம் கறுத்தது. கமலக்கண்ணன் தரையைப் பார்த்தார். தனகோடி போய், அன்று காலைதான் தறியிலிருந்து அறுத்த சேலையை எடுத்துவந்து, தறி ஓரமாக உட்கார்ந்துவிட்ட அருள்தாஸின் மடியில் வைத்தாள்.

“சாமான் இதுல இருக்குதுங்க.”

அருள்தாஸ் முந்தியை மோந்து பார்த்தார். பிறகு, பெரிய மனிதர் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தார், குஞ்சத்தை வாயில் வைத்துச் சப்பினார். கண் மூடியது. காது சிவந்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த கமலக்கண்ணன் எழுந்து போய், தன் வண்டியிலிருந்த அடுத்த பாவுக்கான நூலை எடுத்துவந்து தறிப்பலகையில் வைத்தார். தனகோடி காலைக் குழிக்குள் இறக்கினாள்.

அருள்தாஸ் பாட்டிலுக்குப் பேசியிருந்த பணத்தைப் பலகையின்மேல் வைத்துவிட்டு, சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்ற தன் காரையும் டிரைவரையும் தாண்டி, சுவரைப் பிடித்தபடி, கரையிலிருந்த மயில்கள் சாய்ந்திருந்த அதே பக்கமாகச் சாய்ந்து, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்து போனார்.