நீடாமங்கலத்துக்காரன் திறந்த சுரங்கக் கதவு

எங்கள் கல்லூரியில் இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுவதற்கு ஒரே ஒரு விதிதான் உண்டு: கேள்வி கேட்க வருகிறவருக்கு அந்த விஷயம் தெரிந்திருக்கக் கூடாது.

போன வருடம் எங்கள் சீனியர்கள் நாற்று நடும் இயந்திரம் செய்தார்கள். நன்றாகத்தான் செய்திருந்தார்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளிக்கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியருக்குக் குத்தாலத்தில் எட்டு ஏக்கர் நிலம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர் இயந்திரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "இவ்வளவு நெருக்கி நட்டா களை எடுக்க எறங்குற பொம்பளை காலை எங்கப்பா வைப்பா?" என்று கேட்டார். நான்கு சீனியர்களும் தங்கள் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் நெல்லைப் பற்றி எவனும் வாய் திறக்கக் கூடாது. இங்கே பஸ் கண்டக்டர்கூட வயலைப் பார்த்து ரகம் சொல்லுவார்.

எனவே சுஹைப் ஆகிய நான், இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவருக்கும் தெரியாத ஒன்றை எடுப்பது என்று முடிவு செய்தேன். தானியங்கிக் கதவு, நிலக்கரிச் சுரங்கத்துக்குள் ஓடும் ரயில் பாதைக்கு. எனக்கும் தெரியாது என்பதை அப்போது ஒரு குறையாக நான் கருதவில்லை.

நீடாமங்கலத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் என் தகப்பனாரிடம் சொன்னேன். அத்தா ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஊர்ல ரெண்டு ஆள் ஆழம் தோண்டுனா தண்ணி வந்துடும். இதுல சுரங்கம், சுரங்கத்துல ரயிலு, ரயிலுக்குக் கதவு. ஏன்டா, பூட்டு வேணாமா? நம்ம கடையிலயே இருக்கு."

அத்தா கிண்டல் செய்தாலும் உள்ளூர நடுங்கிக்கொண்டிருந்தார். காரணம், சென்னையில் ஒரு கம்பெனி எனக்கு வேலை கொடுத்திருந்தது. ஜூன் மாதம் சேரும்போது ஒரு பாடம்கூடப் பாக்கியிருக்கக் கூடாது என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. புராஜெக்டில் விழுந்தால் அடுத்த வைவா ஆறு மாதம் கழித்து. அதுவரை கம்பெனி எனக்காகக் காத்திருக்கும் என்று நம்ப என்னாலேயே முடியவில்லை. ஆனால் அத்தா தெருவுக்கே பிரியாணி போட்டு முடித்திருந்தார். சாப்பிட்டுப் போனவர்களிடம் திருப்பிக் கேட்க முடியாத பண்டம் அது.

குழுவில் மூன்று பேர். மோகனப்பிரியா பாபநாசத்துக்காரி, மூளை அவளுடையது. நாகப்பட்டினத்துக் காயாரோகணம், அப்பாவின் விசைப்படகு இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிறவன், கை அவனுடையது. மீதமிருந்த உறுப்பு வாய். ஆகவே என்னைத் தலைவனாக்கினார்கள்.

விஷயம் இதுதான். சுரங்கத்துக்குள் காற்று தானாகப் போகாது, பெரிய மின்விசிறி வைத்துத் தள்ள வேண்டும். எங்கள் மாதிரியை ஒட்டுப்பலகையில் 'ப' எழுத்தைப் போலச் செய்திருந்தோம். இடது காலில் விசிறி காற்றைத் தள்ளும். அது அடிவரைக்கும் போய், அங்கே வேலை செய்கிற ஆளுக்கு மூச்சைக் கொடுத்துவிட்டு, வலது கால் வழியாக வெளியேறும். ஆனால் ரயில் போவதற்கென்று இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு குறுக்குப் பாதை உண்டு. அதைத் திறந்து போட்டால் காற்று அடிவரைக்கும் போகிற சிரமத்தை எடுத்துக்கொள்ளாது. குறுக்கே ஓடி வெளியே போய்விடும். கிட்டத்தட்ட என் சுபாவம்தான் அதற்கும். அதற்காகத்தான் குறுக்குப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள்.

பாபநாசம் கடைத்தெருவில் ஒரு பொம்மை ரயில் வாங்கினோம். ஓடும்போது ஆங்கிலத்தில் ஏதோ குழந்தைப் பாட்டுப் பாடியது. காயாரோகணம் எவ்வளவோ முயன்றும் பாட்டை நிறுத்தினால் ரயிலும் நின்றது. பாடட்டும் என்று விட்டுவிட்டோம்.

மார்ச் மாதம் மோகனப்பிரியா முதல் ஓட்டம் காட்டினாள். ரயில் வந்தது. சென்சார் கண்டுகொண்டது. முதல் கதவு திறந்தது. ரயில் உள்ளே போய், மூடியிருந்த இரண்டாம் கதவில் மூக்கை முட்டிக்கொண்டு பாடியபடியே நின்றது. முதல் கதவு மெல்ல மூடியது. அதன் பிறகுதான் இரண்டாவது திறந்தது. மொத்தம் பன்னிரண்டு விநாடி.

எனக்கு வியர்த்துவிட்டது.

நீடாமங்கலத்தைக் கடந்து பஸ்ஸில் போயிருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: எங்கள் ஊரில் தஞ்சாவூர் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் குறுக்கே சந்திக்கின்றன. கேட் போட்டால் போட்டதுதான். ஜனங்கள் இறங்கி டீ குடித்து, ஊர்க்கதை பேசி, திரும்ப வந்து உட்காருவார்கள். கேட் அப்போதும் மூடியிருக்கும். என் தங்கை ஹஃப்ஸா பதினாறாம் வாய்ப்பாடுவரை மனப்பாடம் செய்தது அந்தக் கேட்டில்தான். எனக்கு வருகைப் பதிவு குறைந்து ஒவ்வொரு பருவமும் மன்னிப்புக் கடிதம் எழுதுவதும் அதனால்தான். (மீதி நாட்களுக்கு வேறு காரணங்கள் உண்டு. அவற்றையும் கேட்டின் கணக்கிலேயே எழுதிவிடுவது வழக்கம்.) மூடிய கேட்டின் முன்னால் ஒரு வண்டி நிற்பதைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரன் கேட்டைத் தூக்கத்தான் ஓடுவான்.

"மோகனா, எதுக்கு ரயிலை நிக்க வைக்கிற? ரெண்டு கதவையும் ஒண்ணா திறந்து விடு."

"ஒண்ணு மூடினப்புறம்தான்டா இன்னொண்ணு திறக்கணும். அதுதான் இதுல விஷயமே."

"பன்னெண்டு செகண்டு! நாட்டோட உற்பத்தி என்னாகுறது?"

"நான் குடுத்த சுரங்கப் புஸ்தகத்துல நீ ஒரு பக்கமாச்சும் படிச்சியா?"

"நான் தலைவன். தொலைநோக்கோட பாக்குறேன்."

காயாரோகணம் மோட்டாரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "கிட்டக்க இருக்கறது தெரியாதவனுக்குத்தான்டா அது வேணும்" என்றான்.

மூன்று நாள் விடாமல் பேசினேன். மோகனப்பிரியாவுக்கு வேறொரு தேர்வு இருந்தது. நான்காம் நாள் அவள் கையெடுத்துக் கும்பிட்டு, "ஒண்ணாவே திறந்து தொலைக்கிறேன். ஆனா ரிப்போர்ட்ல இதை உன் பேர்லதான் போடுவேன்" என்றாள். போட்டாள். நாற்பத்தொன்றாம் பக்கம்: 'இந்த மாற்றம் சுஹைப் என்பவரின் யோசனைப்படி செய்யப்பட்டது.' நான் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உறவினர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன்.

வைவாவுக்கு முந்தின நாள் எங்கள் வழிகாட்டி பஞ்சநதம் சார் போன் செய்தார்.

"சுஹைப், நாளைக்கு எக்ஸ்டர்னலா ஷம்சாத் மேடம் வர்றாங்க. அவங்க பிஎச்டி எதுல தெரியுமா?"

"எதுல சார்?"

"சுரங்கக் காத்தோட்டத்துலய்யா."

"சார், அப்படி ஒருத்தர் இங்க எப்படி சார்?"

"உங்க தலைப்பைப் பாத்துட்டு ஆபீஸ்லயே தேடிப் புடிச்சிருக்காங்க. நான் வந்து பதினெட்டு வருஷத்துல அந்த ஆபீஸ்காரங்க இவ்வளவு பொறுப்பா ஒரு வேலை பாத்ததில்ல."

யாருக்கும் தெரியாத தலைப்பு என்று நான் பின்னிய வலை, தெரிந்த ஒரே ஆளைத் துல்லியமாகப் பிடித்துக் கொண்டுவந்துவிட்டது.

ஷம்சாத் மேடம் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். ஒல்லியான உருவம், தணிந்த குரல். ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்து மூடினார். எந்தப் பக்கம் என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஒரு ஊதுபத்தி கிடைக்குமா?"

லேப் உதவியாளர் ரெத்தினம் அண்ணன், தன் மேசைமேல் இருந்த பிள்ளையார் படத்தடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொளுத்திக் கொடுத்தார். மேடம் அதை 'ப'வின் அடியில் செருகி, பக்கத்தில் ஒரு சாக்பீஸ் துண்டை நிறுத்தி வைத்தார்.

"இவர்தான் உள்ள வேலை பாக்குறவர். இவருக்கு ஒரு பேர் வைங்க தம்பி."

எனக்குப் பதற்றத்தில் எதிரே நின்றவர் பெயர்தான் வந்தது. "ரெத்தினம், மேடம்."

"என் பேரையா?" என்றார் ரெத்தினம் அண்ணன்.

விசிறி சுற்றியது. புகை வலது கால் வழியாக ஒழுங்காக வெளியே போயிற்று. ரயில் பாடிக்கொண்டு வந்தது. இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தன. ஒரு விநாடிகூட நிற்காமல் ரயில் கம்பீரமாகக் கடந்தது. எங்கள் ஊரில் நடந்திருந்தால் ஜனங்கள் கைதட்டியிருப்பார்கள்.

அடியில் புகை நின்றுவிட்டது. அங்கேயே சுருண்டு, கனத்து, சாக்பீஸை மூடியது.

"ரெத்தினம் செத்துட்டாரு" என்றார் மேடம்.

ரெத்தினம் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

"நாப்பத்தொண்ணாம் பக்கத்துல உங்க பேர்தான் இருக்கு. ஏன் ரெண்டையும் ஒண்ணா திறந்தீங்க?"

உற்பத்தி, நேர மேலாண்மை என்று சில சொற்கள் நாக்கு நுனிவரை வந்தன. அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு அவற்றைச் சொல்ல முடியவில்லை.

"மேடம், நான் நீடாமங்கலம்."

"அது பதிலா?"

"எங்க ஊர்ல ரயில்வே கேட் ஒண்ணு இருக்கு மேடம்..."

"தெரியும். இப்ப அந்த வழியாத்தான் வர்றேன். நாப்பது நிமிஷம் நின்னேன்." ஊதுபத்தியைச் சற்று நேராக்கினார். "மூச்சு விட்டுக்கிட்டேதான் நின்னேன். உள்ள இருக்கிறவருக்கு அந்த வசதி இல்ல தம்பி."

பஞ்சநதம் சார் விட்டத்தைப் பார்த்தார். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினஞ்சு நிமிஷம் தர்றேன். நீங்களே சரிபண்ணிக் காட்டுங்க. மத்த ரெண்டு பேரும் தொடவும் கூடாது, பேசவும் கூடாது. முடியலேன்னா அடுத்த தடவை பாத்துக்கலாம்."

அடுத்த தடவை என்றால் நவம்பர். எனக்குப் பிரியாணி வாசனை அடித்தது.

மோகனப்பிரியாவின் லேப்டாப்பைத் திறந்தேன். 'ஃபைனல்' என்ற பெயரில் ஏழு கோப்புகள் இருந்தன. எட்டாவதன் பெயர் 'சுஹைப் கெடுத்தது'. மற்ற ஏழில் ஒன்றைத் திறந்து ஒரு பொத்தானை அமுக்கினேன். திரை முழுக்கச் சிவப்பாக எழுத்துகள் கொட்டின. இன்னொன்று, இன்னும் சிவப்பு. மோகனப்பிரியா வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகையை அடக்குகிறாளா, சிரிப்பையா என்று தெரியவில்லை. ஒன்பது நிமிடம் போயிற்று.

லேப்டாப்பை மூடினேன். இரண்டாம் கதவின் மோட்டாருக்குப் போகிற வயரைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்தது. காயாரோகணம் கண்ணை மூடிக்கொண்டான். திறந்து நின்றிருந்த கதவு, அதில் மாட்டியிருந்த ரப்பர் பேண்டு இழுக்க, 'டப்' என்று மூடிக்கொண்டது.

"இப்ப ஓட்டலாம் மேடம்" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் கதவின் பக்கத்தில் மண்டியிட்டு, அதன் விளிம்பில் ஆள்காட்டி விரலை வைத்தேன்.

ரயில் வந்தது. முதல் கதவு திறந்தது. ரயில் உள்ளே போய் இரண்டாம் கதவில் முட்டி நின்று பாடியது. முதல் கதவு மூட ஆரம்பித்தது. பாதி மூடியிருக்கும்போதே என் விரல், பரம்பரை வழக்கப்படி, தானாகத் துடித்துத் திறந்துவிட்டது. புகை சுருண்டது.

"செத்துட்டாரு" என்றார் மேடம்.

"தம்பி, பாத்துத் திறங்க தம்பி" என்றார் ரெத்தினம் அண்ணன்.

"மேடம், இன்னும் ஒரு தடவை மேடம்."

"ரெண்டு நிமிஷம் இருக்கு."

மறுபடி ரயில். மறுபடி பாட்டு. முதல் கதவு மூடத் தொடங்கியது. நான் ரயிலைப் பார்க்கவில்லை. அடியில் நின்ற சாக்பீஸையே பார்த்தேன். பாட்டு ஒரு சுற்று முடிந்து இன்னொரு சுற்று ஆரம்பித்தது. முழங்கால் வலித்தது. புகை நேராக, அவசரமில்லாமல், வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. முதல் கதவு மூடி, அதன் தாழ் விழுந்த சத்தம் கேட்டது. அதன்பிறகும் ஒரு மூச்சு விட்டேன். பிறகுதான் திறந்தேன். ரயில் போயிற்று. கதவை மெல்ல விட்டேன். புகையின் போக்கு மாறவே இல்லை.

ரெத்தினம் அண்ணன் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"இது ஆட்டோமேட்டிக் இல்லையே" என்றார் மேடம்.

"இல்ல மேடம். ஆனா அண்ணன் உசுரோட இருக்காரு."

மேடம் சிரிக்கவில்லை. மோகனப்பிரியாவைக் கூப்பிட்டு, பழைய நிரலை ஏற்றச் சொன்னார். அவள் நாற்பது விநாடியில் ஏற்றினாள். காயாரோகணம் வயரைத் திரும்ப முறுக்கினான். கதவுகள் முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடின. அதில் என் வேலை எதுவும் இல்லாததால் பிசிறில்லாமல் நடந்தது.

மாலையில் மதிப்பெண் போட்டார்கள். மோகனப்பிரியாவுக்குத் தொண்ணூற்றாறு. காயாரோகணத்துக்கு எண்பத்தெட்டு. எனக்கு ஐம்பது. தேற வேண்டியதும் ஐம்பதுதான். அத்தாவுக்குப் போன் செய்தேன்.

"எவ்வளவுடா?"

"தேறிட்டேன் அத்தா."

"அதைக் கேக்கல, எவ்வளவு?"

"தேறிட்டேன் அத்தா."

"சரி சரி" என்றார். நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது. கடையில் யாரிடமோ "பாஸாயிட்டானாம்" என்று கத்தினார்.

கிளம்பும் முன் மேடம் மூன்று ரிப்போர்ட்டுகளிலும் கையெழுத்துப் போட்டார். என்னுடையதை மட்டும் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"உங்க காப்பியில மட்டும் தலைப்புல முதல் வார்த்தையை அடிச்சிடுங்க தம்பி. அந்த ரெண்டு பேருக்கும் இருக்கட்டும்."

தலைப்பின் முதல் வார்த்தை 'தானியங்கி'. தடித்த அட்டையில் பொன் எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பேனா வழுக்கியது. காயாரோகணம் பையிலிருந்து ஒரு கூரான ஊசியை எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டினேன். ஐந்து எழுத்துக்கும் இருபது நிமிடம் பிடித்தது. மேடம் பையை மடியில் வைத்துக்கொண்டு, முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.