மேஸ்திரி எவ்வளவு கெட்டவர்

செங்கோடனுக்கு இடது கண் போன மறுவாரம், வெடிக்குத் திரி கொளுத்தும் முறை எனக்கு வந்தது.

ஓமலூருக்கு வடக்கே ஒரு கரட்டுக் குன்றில் ரோட்டுக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்தோம், பதினெட்டுப் பேர். முப்பத்தெட்டாம் வருஷம். பாறையில் ஐந்து குழி அடித்து மருந்து கெட்டிப்போம். திரியை வெட்டிக் குழிக்குள் செருகுவது மேஸ்திரி அப்புசாமியின் வேலை. வெளியே ஒரு சாண்தான் தெரியும். முறைக்காரன் ஐந்துக்கும் வரிசையாக நெருப்பு வைத்துவிட்டுக் கீழே இருக்கிற புளியமரத்துக்குப் போய்விட வேண்டும். திரி மூன்று முழம் இருந்தால் நடந்தே போகலாம். செங்கோடன் பாதி வழி போவதற்குள் முதல் குழி வெடித்துவிட்டது.

ஐந்தாவது குழி மட்டும் வெடிக்கவில்லை. மறுநாள் அதில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத் திரியை உருவினேன். ஒன்றரை முழம் இருந்தது. மீதி எங்கே போனது என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் கிணறு வெட்டுகிறவர்கள் அப்புசாமி விற்ற எங்கள் திரியைத்தான் கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

மேலே இருக்கிற வெள்ளைக்காரத் துரைக்கு இங்கிலீஷில் மனுப் போடுவதென்று முடிவு செய்தோம். நானும் செங்கோடனும் சேலத்துக்கு நடந்தோம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டிக்குப் பக்கத்தில் மனு எழுதும் ஜாபர் பாய் உட்கார்ந்திருந்தார். சங்கதியை எல்லாம் கேட்டுவிட்டு, "ஆள் எப்படிப்பட்டவர்னு ஒரு வரி போடணும். என்னன்னு போடட்டும்?" என்றார்.

"இருக்கறதுலயே பெரிய வசவாப் போடுங்க பாயி," என்றான் செங்கோடன்.

எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு எண்ணம். மனு என்றால் வசவு. வசவு எவ்வளவு கனமோ மனுவும் அவ்வளவு கனம். அதனாலேயே யாரும் பேர் போடமாட்டார்கள். மொட்டை மனுவாகத்தான் போகும்.

பாய் ஒரு தடித்த அகராதியைப் புரட்டினார். "டிப்ரேவ்டுனு ஒண்ணு இருக்கு. கெட்டதுல ருசி கண்டவன், இனிமே திரும்பமாட்டான். விஷியஸ்னா அடுத்தவனுக்கு வலிச்சா இவனுக்கு இனிக்கும். நெஃபேரியஸ் ஆளைவிடக் காரியத்துக்குத்தான் பொருந்தும். கேட்டாலே காதைப் பொத்திக்கிற மாதிரிப் பாதகம். இன்ஃபேமஸ்னா ஊரே காறித் துப்புற பேர்."

"எல்லாத்தையும் எழுதிப்போடுங்க. ஒண்ணு தப்புனாலும் ஒண்ணு தைக்கும்."

"உங்க மேஸ்திரியா, இல்லே ராவணனா?" என்று சிரித்தார் பாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் துரை அப்புசாமியை ஆறு வருஷமாகப் பார்க்கிறவர். காலரா வந்த வருஷம் கூலி ஆட்கள் எல்லாம் ஓடிப்போனபோது, கொட்டகையில் கிடந்த ஏழு பேருக்குக் கஞ்சித் தண்ணி ஊற்றியது அப்புசாமிதான். அந்த ஏழு பேரில் நானும் ஒருத்தன். துரையும் அன்றைக்கு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார். அவரிடம் போய் இந்த மனுஷனுக்கு அடுத்தவன் வலி இனிக்கும் என்று சொன்னால் நம்புவாரா? வயிற்றெரிச்சலில் எழுதியது என்று குப்பையில் போடுவார். அப்புறம் அடுத்த குழிக்குத் திரி கொளுத்தப் போவது நான்தான்.

"பாயி, நல்லா இருந்தவரு நடுவுல கெட்டுப்போனாருன்னு சொல்ல ஒரு சொல்லு இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கே. கரப்ட். கம்புல வண்டு விழுந்த மாதிரி. தானியம் நல்ல தானியம்தான்."

செங்கோடன் எழுந்து நின்றான். "என்ற கண்ணு போயிருக்குது. நீ அவனைக் கம்புங்கறயா?"

"உன்ற கண்ணுக்கு நாயம் வேணும்னுதான் சொல்றேன். பொய்யி ஒண்ணு உள்ள இருந்தா நெசத்தையும் சேர்த்துக் கிழிச்சுப்போடுவாங்க."

அவன் வெளியே போய் நின்றான். பாய் கரப்ட் என்று எழுதினார். கீழே கந்தப்பன் என்று நானே கையெழுத்துப் போட்டேன். கால் முறிந்து நாலு மாதம் கிடந்தபோது, முப்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். எழுத்து கோணலாகத்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் செங்கோடன் உள்ளே வந்து, என் பேருக்குப் பக்கத்தில் பெருவிரலை அழுத்தினான்.

பதில் வருவதற்குள் மூன்று தடவை வெடி வைத்தோம். மூன்று தடவையும் கொளுத்திவிட்டு ஓடினேன். மூன்றாவதில் ஒரு சில்லு குதிகாலைக் கிழித்தது.

ஒன்பதாம் நாள் துரை வந்தார். குமாஸ்தா என்னைக் கூப்பிட்டான். அப்புசாமியும் பக்கத்தில் நின்றார். துரை மனுவில் ஒரு இடத்தில் விரலை வைத்து ஏதோ கேட்டார்.

"கெட்டுப்போனாருன்னு எழுதியிருக்கியே, எப்போலேர்ந்துன்னு துரை கேக்கறார்," என்றான் குமாஸ்தா.

"போன ஆடியிலிருந்துங்க. அதுக்கு முந்தி எல்லாத்துக்கும் எதுருல, பாறை மேல வெச்சு அளந்துதான் திரி வெட்டுவாருங்க. ஆடியில மருந்துக்கும் திரிக்கும் கொட்டாய் கட்டிப் பூட்டுப் போட்டுச் சாவிய அவருகிட்டக் குடுத்தீங்க. அன்னையிலிருந்து உள்ளயே வெட்டிக் கொண்டாராருங்க." மடியிலிருந்த ஒன்றரை முழத் திரியை எடுத்துக் கொடுத்தேன்.

குமாஸ்தா சொல்லச் சொல்லத் துரையின் முகம் மாறியது. சாவி கொடுத்தது அவருடைய உத்தரவு. அன்றைக்குக் கெட்டித்து வைத்திருந்த ஐந்து குழிகளின் திரிகளையும் உருவச் சொன்னார். ஐந்தும் அதே அளவு. சாயங்காலத்துக்குள் சாவியும் மேஸ்திரி வேலையும் போயின. இனிமேல் திரியைப் பாறை மேல் வைத்து முறைக்காரனே அளந்து வெட்ட வேண்டும் என்று உத்தரவானது.

துணியை மூட்டை கட்டிக்கொண்டு அப்புசாமி என்னைத் தாண்டிப் போனார். கொஞ்சம் நின்றார்.

"நல்லா இருந்தவன்னு எழுதிப்போட்டயாமா, கந்தப்பா."

"ஆமாங்க."

"பெரிய அயோக்கியன்னு எழுதியிருந்தீன்னா நான் தப்பிச்சிருப்பேன்."

"தெரியுமுங்க. அதனாலதான் எழுதுலீங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். கஞ்சி ஊற்றிய கை அது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் கூப்பிடவில்லை.

மறுநாள் பாறை மேல் திரியை நீட்டிப் பிடித்து, மூன்று முழத்துக்கு மேல் ஒரு சாண் சேர்த்து வெட்டினேன். ஒற்றைக் கண்ணால் செங்கோடன் அளவு பார்த்தான். ஐந்துக்கும் நெருப்பு வைத்துவிட்டு, புண்பட்ட காலோடு மெதுவாகவே இறங்கினேன். புளியமரத்தடியில் உட்கார்ந்து கால்கட்டை அவிழ்த்து மறுபடி கட்டி முடித்த பிறகுதான் முதல் குழி வெடித்தது.