ஆய்வாளருக்குக் காதணி விழா

அரியலூர்த் தொடர்வண்டி நிலையத்துக்குப் பின்னால் ஓர் அரிசி ஆலை இருந்தது. அதன் மாடியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தாம் ஆண்டு வைகாசியில் சிறுகடன் ஆய்வுப் பயிலகம் தொடங்கிற்று. கீழே தவிடு பறந்தது. மேலே தத்துவம் பறந்தது. ஏழைகளுக்கு எருமைக்கும் ஆட்டுக்கும் தையல் பொறிக்கும் வங்கிகள் தரும் சிறுகடன் உண்மையில் என்ன ஆகிறது என்று ஊர் ஊராகச் சென்று பிழையறக் கேட்டு எழுத, இளம் பட்டதாரிகளைப் பழக்குவதே அதன் நோக்கம். பயிற்சி முடிவில் தேறியவர்களுக்கு இரண்டாண்டு ஆய்வுப் பணியும் மாத ஊதியமும் உண்டு. தேறாதவர்களுக்குத் திரும்பும் பேருந்து உண்டு.

பயிற்றுநர் பேராசிரியை கண்ணகி. கும்பகோணத்துக்காரர். நெற்றியில் இட்ட நீறு உதிர்ந்தாலும் உதிரலாம், எழுதிக் கொடுத்த கேள்வியிலிருந்து ஒரு சொல் உதிரக் கூடாது என்பது அவர் கொள்கை. கேட்கும்போது தலையாட்டக் கூடாது, இரங்கக் கூடாது, அறிவுரை கூறுவது பெரும் பாவம். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரை ஆய்கிறோமோ அவரோடு கொடுக்கல் வாங்கல் அறவே கூடாது.

“தாமரை எலையில தண்ணி மாதிரி இருக்கணும்” என்றார்.

“அந்தத் தண்ணியக் குடிக்கலாமா மேடம்?” என்று கேட்டான் முருகையன். வகுப்பில் கேலி பேசுவதற்கென்றே பிறந்தவன்.

“குடிக்கலாம். மோரும் குடிக்கலாம். பாயசம் வந்தா எழுந்துடுங்க.”

இந்த உபதேசத்தைக் கைகூப்பாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தவன் உத்திராபதி. செந்துறையைச் சேர்ந்தவன், வயது இருபத்தாறு. விடியலில் நீராடி நீறணிந்து, பேருந்தின் கடைசி இருக்கையில் பதிகம் முணுமுணுத்தபடி வருபவன். யாராவது துன்பம் சொன்னால் அவன் கண் முன்னதாகவே கலங்கிவிடும். அடியார் ஒருவருக்கு அணிகலனாகும் இக்குணம் ஆய்வாளனுக்கு முடக்குவாதம். ஆயினும் அவன் தேறியே ஆக வேண்டியிருந்தது. தேறாவிடில் அவனுடைய தாய்மாமன் சிங்காரவேலுவின் உரக்கடையில் யூரியா மூட்டைகளுக்கு நடுவே அவனுக்காக ஒரு முக்காலி காத்திருந்தது. அம்முக்காலியில் ஒருமுறை அமர்ந்தவன் எழுந்ததாக அக்குடும்ப வரலாற்றில் இல்லை.

உத்திராபதிக்கு வாய்த்த ஊர் கீழப்பழுவூர். முதல் நாளே ஆலந்துறை இறைவனை வணங்கிவிட்டு, இருசம்மாள் என்னும் கூலி வேலைக்காரியின் வீட்டுக்குப் போனான். அவள் வங்கிக் கடனில் ஓர் எருமை வாங்கியிருந்தாள். அவன் ஒரு சொல்லும் உதிராமல் கேட்டான். அவள் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். “என்னென்ன கடன் உண்டு?” என்ற கேள்விக்கு வங்கியையும் மளிகைக் கடையையும் சொன்னாள். எருமை இரண்டாம் ஈற்றில் பால் குறைத்துவிட்டதைச் சொன்னபோது அவன் பல்லைக் கடித்து இரக்கத்தை அடக்கினான். எல்லாம் நன்றாகவே முடிந்தது. அவன் எழுந்தபோதுதான் வினை எழுந்தது.

“ஞாயித்துக்கெழம எம் மவளுக்குக் காது குத்துறோம். நீங்க வந்துரணும் சார்” என்றாள் இருசம்மாள்.

“வேலை இருக்குதுங்களே…”

“இம்புட்டு நேரம் எங் குடும்பத்தையே தோண்டிக் கேட்டீங்க. ஒருவாய் சோத்துக்கு வரமாட்டீங்களா?”

அறநூல் எதிலும் இதற்கு மறுமொழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை உத்திராபதி போனான். மோரோடு எழுவதென்று உறுதி பூண்டே போனான். ஆனால் இலையில் மோருக்கு முன் சாம்பார் வந்தது. சாம்பாருக்குப் பின் பாயசம் வந்தது. பாயசம் வந்தால் எழ வேண்டும் என்ற விதி, பாயசத்தை உண்ட பிறகே அவன் நினைவுக்கு வந்தது. கை கழுவிய இடத்துக்கும் வாயிலுக்கும் இடையில் மொய் எழுதும் மேசை இருந்தது. உண்டுவிட்டு அதைத் தாண்டிப் போவதற்குக் கல்நெஞ்சம் வேண்டும். அவனிடம் இருந்ததோ ஐந்து ரூபாய்த் தாள். தாம்பாளத்தில் அது விழுந்த கணமே, ஒலிபெருக்கியைக் கையில் பிடித்திருந்த வெள்ளைச்சாமி ஊருக்கு அறிவித்தார்:

“செந்துறை ஆராய்ச்சி ஆபீசர் உத்திராபதி அவர்கள், அஞ்சு ரூபா! அஞ்சு ரூபா!”

புளியமரத்தில் கட்டிய கூம்புக்குழாய் அதைத் திருச்சி சாலை வரைக்கும் எடுத்துச் சென்றது.

பயிலகத்தில் மறுவிசாரணை என்றொரு முறை உண்டு. ஒருவர் கேட்டு வந்த வீட்டுக்கு மற்றொருவர் சென்று அதே செய்தியை வேறு சொற்களில் கேட்பார். இரண்டும் பொருந்த வேண்டும். அடுத்த வாரம் கீழப்பழுவூருக்குச் சென்றவன் முருகையன். இருசம்மாளிடம், “நீங்க யார் யாருக்குத் திருப்பித் தரணும்?” என்று கேட்டான். அவள் அண்மையிலிருந்து தொடங்கினாள்.

“மொதல்ல ஒங்க ஆளுக்குத்தான் தம்பி. உத்திராபதி சாருக்கு அஞ்சு ரூபா.”

முருகையன் கேலிக்காரன்தான், ஆனால் எழுத்தில் நேர்மையானவன். சொன்னதைச் சொன்னபடி எழுதினான். ஆக, சிறுகடன் ஆய்வில், வங்கிக்கும் மளிகைக் கடைக்கும் மேலாக, கடன் கொடுத்தோர் வரிசையின் தலையில் ஆய்வாளரே அமர்ந்தார்.

பேராசிரியை அதை வகுப்பில் படித்தார்.

“வட்டி எவ்வளவு உத்திராபதி?”

“மேடம், அது கடன் இல்லீங்க. மொய்.”

“அந்தம்மா திருப்பித் தரணும்னு சொல்றாங்க. தரணும்னா அது கடன். நீங்க கடன் கொடுத்தவர். கடன் கொடுத்தவர் முன்னாடி கடன்காரர் உண்மை பேசுவாரா? அந்த ஊர்ல நீங்க எழுதினது அத்தனையும் சந்தேகம்தான்.” அவர் குரல் சற்றே தணிந்தது. “பயிற்சி முடியறதுக்குள்ள இந்தக் கொடுக்கல் வாங்கலை நேர் பண்ணிட்டு வாங்க. தீர்ந்துச்சுன்னு நான் என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா தேறினவங்க பட்டியல்ல உங்க பேரைச் சேக்க முடியாது.”

“முக்காலியத் தொடச்சு வைக்கச் சொல்லட்டுமா?” என்று முருகையன் காதோடு கேட்டான்.

அன்று மாலையே உத்திராபதி கீழப்பழுவூருக்கு ஓடினான். இருசம்மாள் எருமையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அந்த அஞ்சு ரூபாயை மறந்துடுங்கம்மா.”

அவள் கைச் செம்பு நின்றது. “மொய்ய மறக்குறதா? எங்க வூட்டுச் சோறு அம்புட்டுக் கசந்துருச்சா ஒங்களுக்கு?”

“ஐயய்யோ, அப்படி இல்லீங்க. சரி, இப்பவே திருப்பிக் கொடுத்துடுங்க.”

“நல்லாருக்கே! ஒரு விசேசமும் இல்லாத வூட்டுக்கு மொய் செய்யச் சொல்றீங்க. ஒங்க வூட்ல இனிமே நல்லதே நடக்காதுன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிராதா? நீங்க கல்யாணத்தப் பண்ணுங்க, ஓடி வந்து செய்யிறேன்.”

“வேலை கெடைச்சாத்தான் பொண்ணு தருவாங்க.”

“அப்ப வேலையப் பாருங்க.”

“நீங்க மொய்யத் திருப்பினாத்தான் வேலை.”

இருசம்மாள் எருமையின் முதுகில் கைவைத்துச் சிரித்தாள். எருமையும் திரும்பிப் பார்த்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் பார்வை அவன் செவியில் நிலைத்தது.

“ஏன் சார், ஒங்களுக்குக் காது குத்தலயா?”

குத்தவில்லை. அவன் குழந்தையாயிருந்தபோது ஒரு வரப்புத் தகராறில் தந்தைக்கும் தாய்மாமனுக்கும் பேச்சில்லாமற் போயிற்று. மாமன் மடி இன்றிக் காது குத்த இயலாது. பின்னர்ப் பேச்சு வந்தது. அதற்குள் பையன் கல்லூரிக்குப் போய்விட்டான். குலதெய்வத்துக்கு நேர்ந்த நேர்த்தி மட்டும் அப்படியே நின்றது.

“அப்புறம் என்ன யோசன?” என்றாள் இருசம்மாள். “கல்யாணத்துக்கு முன்ன எப்புடியும் குத்தணும். தேதிய வச்சுட்டுச் சொல்லி வுடுங்க.”

அவன் தாய் செங்கமலத்துக்கு இச்செய்தி அமுதம்போல் இனித்தது. நேர்த்திக்கடன் தீராததால்தான் மகனுக்கு வேலை கிட்டவில்லை என்பது அவளுடைய நெடுநாள் ஆய்வு முடிவு. அதற்கு மறுவிசாரணை தேவைப்பட்டதில்லை. பயிற்சி அந்த வாரத்தோடு முடிவதால், ஐயனார் கோயிலில் அடுத்த ஞாயிறு என்று நாள் குறித்தாள். பேராசிரியை கண்ணால் காண வேண்டும் என்றாரல்லவா? அவருக்கும் பயிலகத்தார் அனைவருக்கும் அழைப்புப் போயிற்று.

அந்த ஞாயிறன்று செந்துறை ஐயனார் தம் மண்குதிரைகளோடு அதிசயம் ஒன்றைக் கண்டார். நீறு துலங்கும் நெற்றியும், முளைத்துத் தழைத்த மீசையுமாக, முதுகலைப் பட்டம் பெற்ற ஓர் ஆண்மகன் தாய்மாமன் மடியில் அமர்ந்திருந்தான். சிங்காரவேலு யூரியா மூட்டைகளைத் தாங்கிப் பழகியவர். ஆனால் மூட்டைக்கு வெட்கம் கிடையாது, நெளியாது.

“ஆடாம ஒக்காருடா. கடையில வந்து ஒக்காருன்னேன், மடியில வந்து ஒக்காந்துட்ட.”

ஆசாரி ஊசியை எடுத்தார். உத்திராபதி நீலகண்டனை நினைத்துக்கொண்டான். இரண்டு காதும் முடிந்தன, கண் கலங்கவில்லை. கலங்கியது அதன் பிறகுதான்.

கீழப்பழுவூரிலிருந்து ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் பூட்டிய பெட்டியில் இருசம்மாள் மட்டும் இல்லை. அவள் தெருவே இருந்தது. “ஆபீசர் வூட்டு விசேசத்துக்கு நான் மட்டும் எப்புடிப் போறது?” என்று ஊரைக் கூட்டிவிட்டாள். அவர்கள் ஒவ்வொருவரும் உத்திராபதி கேள்வி கேட்ட வீட்டார். ஒவ்வொருவரும் உண்டார்கள், ஒவ்வொருவரும் மொய் எழுதினார்கள். ஒலிபெருக்கியோடு வெள்ளைச்சாமியும் வந்திருந்தார்.

“கீழப்பழுவூர் அரியமுத்து, ரெண்டு ரூபா! கீழப்பழுவூர் கலியம்மாள், ரெண்டு ரூபா!”

பந்தியில் அமர்ந்திருந்த பேராசிரியை ஒவ்வொரு பெயரையும் அறிவார். எல்லாம் தம் ஆய்வுக்குத் தேர்ந்த பெயர்கள். கடைசியாக இருசம்மாள் மேசைக்கு வந்தாள்.

“கீழப்பழுவூர் இருசம்மாள், பத்து ரூபா!”

“அஞ்சுதானேம்மா?” என்று அலறினான் உத்திராபதி.

“அஞ்சு ஒங்க மொய். மேல அஞ்சு எங்க மொய். வாங்குனத மட்டும் திருப்புனா ஒறவு வேணாம்னு அர்த்தமுல்ல? நாலு பேரு என்னைய என்ன நெனப்பாங்க?”

ஒரு கடன் தீர்ந்தது. அதே மேசையில் ஓர் ஊருக்கே கடன்காரனாகி நின்றான் உத்திராபதி. குத்திய துளையில் ஓலை செருகியிருந்த காதுகள் விண்விண்ணென்று தெறித்தன. பேராசிரியையின் இலை முன் போய் நின்றான்.

“மேடம்… அந்த அஞ்சு ரூபா தீர்ந்துடுச்சுங்க.”

“பாத்தேன். கேட்டேன். திருச்சி வரைக்கும் கேட்டிருக்கும்.” அவர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்கும் முயற்சியில் நீறு உதிர்ந்தது. “இனி கீழப்பழுவூர் பக்கம் நீங்க கேள்வியோட போக முடியாது. அது புரியுதுல்ல? மத்ததை நாளைக்கு ஆபீஸ்ல சொல்றேன்.”

நாளை என்ற அச்சொல்லில் முக்காலியின் மூன்று கால்களும் அவனுக்குத் தெரிந்தன. அவ்வேளையில் செங்கமலம் பாயச வாளியோடு வந்து பேராசிரியையின் இலையில் ஊற்றினாள். அவர் எழவில்லை. கும்பகோணத்தில் வளர்ந்தவருக்கு ஊற்றிய பாயசத்தை விட்டெழுவது எளிதன்று. முழுதும் அருந்திவிட்டுக் கை கழுவி, வாயிலை நோக்கி நடந்தார். நடுவில் மேசை இருந்தது. அருகில் இருசம்மாள் இருந்தாள்.

“டீச்சரம்மா இன்னும் எழுதலையே?” என்றாள் இருசம்மாள், சற்றும் சூதில்லாமல்.

ஆலகாலத்தை விழுங்கவும் உமிழவும் இயலாமல் மிடற்றிலே நிறுத்திய பெருமானைப்போல, பேராசிரியை கண்ணகி பாயசத்தின் இனிப்போடு அப்படியே நின்றார். பயிலகத்தார் அனைவரும் மரத்தடியிலிருந்து பார்த்தனர். விதி ஒருபுறம், விருந்தோம்பலை உண்டு வெறுங்கையோடு போகக் கூசும் பிறவிப் பழக்கம் ஒருபுறம். கைப்பை மெல்லத் திறந்தது.

“கும்பகோணம் பேராசிரியை கண்ணகி அம்மா அவர்கள், பதினோரு ரூபா!”

வெள்ளைச்சாமி அதை இரண்டு முறை சொன்னார். முருகையன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான், துண்டு குலுங்கியது.

செங்கமலம் உருகிப்போனாள். “டீச்சரம்மா, நாங்க திருப்பிச் செய்யணுமே. ஒங்க வூட்ல அடுத்த விசேசம் எப்பங்க?”

“எங்க வீட்லயா?” பேராசிரியை சிந்தித்தார். பிள்ளைகளெல்லாம் மணமாகி வெளியூரில் இருந்தனர். “எனக்கு இனிமே ஒரே விசேஷந்தான். இந்த ஆய்வு அறிக்கை அச்சாகி வெளிவரணும். ரெண்டு வருஷம் ஆகும்.”

“அப்ப அதுக்கு எம் மவன் வந்து செய்வான்.”

“வந்து செய்வானா? அதுவரைக்கும் எங்கேயும் போகாம இருக்கணும். பதினோரு ரூபா பாக்கி வச்சிருக்கறவரை உரக்கடைக்கு அனுப்பிட்டு நான் எங்க போய்த் தேடுவேன்?” என்றவர் உத்திராபதியின் பக்கம் திரும்பினார். “கீழப்பழுவூரை முருகையன் எடுக்கட்டும். நீங்க நாளையிலேருந்து தா.பழூர். அங்க உங்களை யாருக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும்.”

பணி கிடைத்துவிட்டது என்பது உத்திராபதிக்குச் சற்று நேரம் சென்றே விளங்கியது. மாமன் சிங்காரவேலு மரத்துப்போன தொடையைத் தேய்த்துக்கொண்டே மருமகனை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பின்பு, “போய்ச் சேரு” என்றார், வாழ்த்தாகத்தான் சொன்னார்.

“மேடம், ஒரு சந்தேகம்” என்றான் உத்திராபதி. “தா.பழூர்லயும் யாராவது சாப்பிடக் கூப்பிட்டா?”

“பசிக்கலைன்னு சொல்லிடுங்க.”

“பொய் சொல்லலாங்களா?”

பேராசிரியை நடை நிறுத்தினார். இந்தக் கேள்வியில் ஒரு சொல்லும் உதிரவில்லை என்பதை ஒப்புக்கொண்டவர்போல் தலையை ஆட்டினார். பிறகு செங்கமலத்தை அழைத்தார்.

“அம்மா, நாளையிலேருந்து இவருக்குக் காலையிலயே வயிறு நெறையச் சோறு போட்டு அனுப்புங்க. உண்மையைப் பேசட்டும்.”