ஏழாவது இடத்து ஆஸ்பத்திரி

கிருஷ்ணப்பனுக்கு எண்கள்மேல் நம்பிக்கை. மூக்கண்டப்பள்ளிக் கம்பெனி ஒன்றில் பல்சக்கரங்களை அளந்து, தேறாததைச் சிவப்புப் பெட்டியில் போடுவது அவன் வேலை. ஒசூர் ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்தி ஏதோ ஒரு சங்கம் அச்சடித்த தாள் மூன்று மாதமாக அவன் சட்டைப்பையில் இருந்தது. போன வருஷம் எங்கே எத்தனை சாவு என்று எண்ணிப் போட்ட வரிசை அது. ஒரு சாவும் இல்லாத நர்சிங் ஹோம் முதலிடம். ஊரார் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு ஆஸ்பத்திரி ஏழாவது, அதாவது கடைசி.

காலையில் மனைவி சென்னம்மாவுக்கு வலி கண்டதும் ஆட்டோவை முதலிடத்துக்கே விடச் சொன்னான்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "குழந்தை குறுக்கே கிடக்கு. இதெல்லாம் நாங்க பாக்கறதில்ல. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"இங்க ஒரு சாவும் இல்லன்னு போட்டிருக்காங்களே மேடம்."

"இருக்கக் கூடாதுன்னுதான் அனுப்பறோம்."

மறுபடி ஆட்டோ. லாரி வரிசைக்குப் பின்னால் ஊர்ந்தது. கிருஷ்ணப்பன் சட்டைப்பைத் தாளை எடுத்துப் பார்த்தான். அவன் கம்பெனியில் இரண்டாம் லைன்காரர்கள் சந்தேகமான சக்கரங்களை ஷிப்ட் முடியும் நேரத்தில் மூன்றாம் லைன் தட்டில் தள்ளிவிடுவார்கள். அவர்கள் சிவப்புப் பெட்டி எப்போதும் காலி. தேறாதது குறைந்த லைனுக்கான கேடயம் வருஷா வருஷம் அவர்களுக்கே, மூன்றாம் லைன் கடைசி. பெட்டிகளை எண்ணிக் கொடுத்தவன் இவன்தான். எண்ணியதில் ஒரு பிழையும் இல்லை.

"என்னா யோசன?" என்றாள் சென்னம்மா, பல்லைக் கடித்தபடி.

"கேடயம் தப்பான ஆளுக்குப் போயிருச்சு."

"எனக்கு உசுரு போவுது, உங்களுக்குக் கேடயமா?"

பெரியாஸ்பத்திரி வாசலில் ஆயா சரோஜம்மாள் தள்ளுவண்டியோடு வந்தாள். "நர்சிங் ஹோம்ல அனுப்புனாங்களா? இந்த வாரத்துல இது மூணாவது. பயப்படாத தாயி, இங்க இதான் தெனப்படி வேல."

மத்தியானம் ஆபரேஷன் முடிந்ததும் சரோஜம்மாள் துணியில் சுற்றிய பெண் குழந்தையை அவன் கையில் வைத்தாள். அவன் குழந்தையின் விரல்களை எண்ணினான். திரும்பவும் எண்ணினான்.

சாயங்காலம் கண் விழித்த சென்னம்மா, அவன் இன்னொரு தடவை எண்ணுவதைப் பார்த்துவிட்டாள். "தேறுச்சா? இல்ல செவப்புப் பொட்டியா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

மறுநாள் லட்டு டப்பாவோடு கம்பெனிக்குப் போனவன், கேடயம் மாட்டியிருந்த இரண்டாம் லைனைத் தாண்டி நேரே மூன்றாம் லைனுக்கு நடந்தான். அங்கே மேஸ்திரி திம்மப்பன் சந்தேகத்தோடு டப்பாவைப் பார்த்தார். "கடைசி லைனுக்கா மொதல் லட்டு?"

"கடைசி எடத்துலதான்ணா எம் பொண்ணு பொறந்தா," என்றான் கிருஷ்ணப்பன். "ரெண்டா எடுத்துக்கங்க. இன்னிலேருந்து உங்க தட்டுக்கு எந்தச் சக்கரம் எங்கருந்து வருதுன்னு எழுதப்போறன்."