மேற்குப் பட்டை

முற்பகலிலேயே மண்ணும் கல்லும் கொதிக்கும் சித்திரைத் திங்களில், நெல் விளைந்த நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் மாடியாகி, பெருவெள்ளத்தின் கறை சுவர்களில் இன்னும் மங்காதிருக்கும் முடிச்சூரில், அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் வாயிலருகே இலையற்று நின்றது ஒரு புங்கமரம். மாசியில் உதிர்த்துப் பங்குனியில் தளிர்த்துக் கோடை முழுதும் குடைவிரிப்பது அதன் வழக்கம். இவ்வாண்டோ தையிலேயே உதிர்த்தது, சித்திரை பாதி கடந்தும் தளிர்க்கவில்லை.

பட்டமரம் மழையில் விழுமென அஞ்சிய குடியிருப்பின் செயலர் வேதசிரோமணி, அதை வேரோடு அகற்ற மரம் வெட்டும் குப்புராஜை அழைத்திருந்தார். முப்பதாண்டுகள் மரமறுத்துக் காய்த்த கையினனாகிய அவன், ஒரே கீறலில் மரத்தின் உயிரறிபவன் எனப் பெயரெடுத்தவன். பட்டையின் உள்ளே பச்சை தெரிந்தால் உயிர். பழுப்புத் தெரிந்தால் விறகு. அன்றும் மேற்கேயுள்ள வெற்று மனையில் நின்றவாறே கீறினான், பழுப்பே தெரிந்தது.

அம்மரத்தடியில் பன்னிரண்டாண்டுகளாகத் துணி தேய்க்கும் வண்டி நிறுத்திப் பிழைப்பவள் ஏஞ்சல். கரிப்பெட்டியின் அனலோடு வெயிலின் அனலையும் தாங்க இயலாதவளாய், கிளைகளில் பழஞ்சேலை கட்டித் தளிருக்காகக் காத்திருந்தாள்.

"அந்தாண்ட ஒரு தபா கீறிப் பாருண்ணா," என்றாள்.

"நீ துணியத் தேயி, நான் மரத்தப் பாத்துக்கிறேன். பொணத்துக்கு எந்தக் கையில நாடி புடிச்சா இன்னா?" என்று நகைத்தபடியே, மரத்தை வெற்று மனைப்பக்கம் சாய்க்கக் கயிறு கட்டினான் குப்புராஜ்.

அடிமரத்தில் பாதிக்குமேல் வாள் இறங்கியபோது, உலர்ந்து பறந்துகொண்டிருந்த மரத்தூள் திடுமென ஈரமாகி அவன் புறங்கையில் ஒட்டியது. வாளை நிறுத்திக் கிழக்கே சென்று கீறினான். பச்சை; கொழுந்துப் பச்சை. மேற்கே நின்ற தென்னைகள் மனைக்காக வீழ்ந்தபின், ஆண்டுக்காண்டு ஏறிய மாலை வெயிலில் அப்பக்கத்துப் பட்டை வெந்து கருக, மரம் இலைகளை முன்னரே உதறிவிட்டு, எஞ்சிய ஈரத்தைக் கிழக்கே காத்துக்கொண்டு மழையை நோக்கி நின்றிருந்தது.

"வுட்ற முடியாதாண்ணா?"

அவன் அவள் முகம் பாராமல் சொன்னான்: "பாதிக்கு மேல அறுத்துட்டேம்மா. இப்டியே வுட்டா காத்தடிச்சா ஒம்மேலயே சாயும்."

அறுத்து முடித்தான். வேரைத் தோண்டச் சொன்ன செயலரிடம் மட்டும், "வேணா சார், அது உசுரோட கீது," என்று கடப்பாரையைத் தொடாமலே நடந்தான்.

மாறிய காலத்தை மரம் தன் உடலால் அறிந்து ஒரு பக்கமேனும் வாழக் கற்றது; மரமறிந்தவன் கையோ பழைய ஒரு கீறலையே நம்பியது. ஆடி மழையில் அடிக்கட்டையின் கிழக்கு விளிம்பில் விரலளவு தளிர் எழுந்தது. ஏஞ்சலின் வண்டிக்கு அது நிழலாக இன்னும் பத்துக் கோடைகள் வேண்டும்.